காப்புப் பருவமும் நம் குழந்தைகளும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்தும் நூல் ஆய்ந்தும் வரும் இவ்வட்டத்தின் நிறைவு விழாவில் பேச அழைத்தமைக்கு நன்றி. பிள்ளைத்தமிழ் பற்றிப் பேசுக என்று செயலாளர் பணித்தார். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பாடம் சொன்னவள். பிள்ளைத்தமிழின் சொல்நயமும் சந்த அழகும் இவ்வவையில் பலமுறை பேசப்பட்டவை. அவற்றை என்னிலும் நன்கு அறிந்தோர் என் முன் அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே பாட்டை விட்டுப் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். குழந்தையைத் தீங்கிலிருந்து காப்பது எப்படி, அதன் மனத்தில் அச்சமின்மையை ஊன்றுவது எப்படி என்னும் கேள்விகளுக்குப் பிள்ளைத்தமிழின் பருவ அமைப்பிலேயே விடை இருக்கிறது என்பது என் எண்ணம்.

பெரியாழ்வார் பாசுரங்களில் வித்தூன்றி, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழில் தனி நூலாக வளர்ந்தது இச்சிற்றிலக்கியம். இதன் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்பு. குழந்தையின் அழகைப் பாடுமுன், மழலையைப் பாடுமுன், அதனைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டுகிறான் புலவன். குழந்தையைப் பற்றி எண்ணத் தொடங்கியதும் தமிழன் முதலில் எண்ணியது அதன் பாதுகாப்பையே. அரைஞாணும் காப்பும் கட்டியதோடு நில்லாமல் சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் என்னும் ஐந்து படைகளின் வடிவில் தாலி செய்து குழந்தையின் கழுத்தில் அணிவித்ததும் அவ்வெண்ணத்தாலேயே.

காப்புப் பருவத்தில் இரண்டு செய்திகளை நாம் உற்று நோக்க வேண்டும்.

ஒன்று, அங்கே புலவன் குழந்தையிடம் எதுவும் கேட்பதில்லை. 'கவனமாக இரு' என்று குழந்தைக்கு அறிவுரை கூறுவதில்லை. காக்கும் கடமையைக் காக்க வல்லாரிடமே ஒப்படைக்கிறான். குழந்தையைக் காப்பது பெரியவர்களின் பொறுப்பு. அப்பொறுப்பைக் குழந்தையின் தோளில் ஏற்றலாகாது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டார்கள். அக்குழந்தைகளுக்கு நாம் எந்தப் பாட்டைக் கற்பித்திருந்தாலும் அது ஓலைக் கூரைக்கும் குறுகிய படிக்கட்டுக்கும் மாற்றாகியிராது. குழந்தைக்குக் கற்பிப்பது நம் கடமையின் ஒரு பகுதி மட்டுமே. நாம் செய்யத் தவறியதைக் குழந்தை செய்துகொள்ளும் என்று எண்ணுவதற்கு அது இடந்தரலாகாது.

மற்றொன்று, காப்புச் செய்யுளில் தெய்வங்களின் கொலைத் தொழிலைப் பாடலாகாது என்று பாட்டியல் நூலார் விதித்தனர். காத்தற் கடவுளாகிய திருமாலை முன் வைப்பதும் மரபு. தெய்வம் அரக்கரை அழித்தது உண்மையேயாயினும், குழந்தையின் தொட்டிலருகே அச்சொல் வேண்டா என்று கருதினர். காப்பில் அச்சம் கலத்தலாகாது. இது வெறும் மங்கல மரபு என்று நாம் கடந்து போய்விடுகிறோம். குழந்தை வளர்ப்புக்கு இதனினும் சிறந்த விதியை நான் எங்கும் கண்டதில்லை.

நம் வீடுகளில் நடப்பது என்ன? உண்ண மறுக்கும் குழந்தைக்குப் பூச்சாண்டி வருகிறான். உறங்க மறுக்கும் குழந்தைக்குப் பிள்ளை பிடிக்கிறவன் சாக்குப் பையோடு தெருவில் நிற்கிறான். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்துகிறது. அழுதால் டாக்டர் ஊசி போடுகிறார். குறும்பு செய்தால் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போகிறார். எண்ணிப் பாருங்கள். துன்பம் வரும்போது குழந்தை எவரிடம் ஓட வேண்டுமோ, அவர்களையெல்லாம் ஒருவர் விடாமல் பூச்சாண்டியாக்கி வைத்திருக்கிறோம். சாக்குப் பையோடு வரும் அந்நியனைக் காட்டிக் குழந்தையை எச்சரித்துவிட்ட நிறைவில் வாசற்கதவைத் தாழிடுகிறோம்.

தீங்கு வாசலுக்கு வெளியே மட்டும் நிற்பதில்லை. மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்து எழுதப்பட்டது அது. அக்குழந்தைகளுள் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். அவ்வாறு கூறியவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஆண் குழந்தைகள். துன்புறுத்தியவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு நன்கு தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் தமக்கு நேர்ந்ததை எவரிடமும் சொல்லவில்லை. இவ்வாய்வு கூறும் செய்திகளுள் என்னை மிகவும் வருத்துவது இக்கடைசிச் செய்தியே. ஏன் சொல்லவில்லை? சொல்வதற்குச் சொல் இல்லை. சொன்னால் கேட்பார் உண்டு என்ற நம்பிக்கையும் இல்லை. இவ்விரண்டையும் கொடுப்பதே இன்று நாம் கட்ட வேண்டிய காப்பு. அதனைக் கொடுக்கும் வழியைப் பின்வரும் பருவங்களில் காண்போம்.

செங்கீரைப் பருவத்தை, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி இரு கைகளையும் ஊன்றிக் குழந்தை தலையசைத்தாடும் பருவம் என்பர். கீர் என்பதற்குச் சொல் என்று பொருள் கொண்டு, மழலை மொழி தோன்றும் பருவம் என்று விளக்குவாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் இது உடலும் சொல்லும் ஒருங்கே குழந்தைக்கு வசமாகும் காலம். 'மூக்கு எங்கே? காது எங்கே?' என்று நாம் கேட்க, குழந்தை தொட்டுக் காட்டும் விளையாட்டு எல்லா வீட்டிலும் உண்டு. அவ்விளையாட்டு கழுத்தில் தொடங்கி வயிற்றில் நின்றுவிடுகிறது. பின் தொடையில் மீண்டும் தொடங்குகிறது. இடையில் உள்ள உறுப்புகளுக்குப் பெயர் இல்லை. பெயர் கேட்டால் 'சீ' என்கிறோம். அதனால் குழந்தை அவ்விடத்திற்குக் கற்றுக்கொள்ளும் பெயர் 'சீ' என்பதே. பின்னாளில் அங்கே ஒரு கை தீண்டினால், அதைச் சொல்ல அக்குழந்தையிடம் உள்ள சொல் அந்த ஒன்றுதான். அச்சொல்லோ குழந்தையையே குற்றவாளியாக்குகிறது.

என் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டா. இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நாள்தோறும் மாலை மூன்று மணிக்கு மேல் வயிற்றுவலி என்று அழுவான். வயிற்றில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பள்ளி விடும் நேரத்தில் வலிப்பதால் வீட்டுக்குப் போக விருப்பமில்லாத பிள்ளை என்று கேலி செய்தனர். அவ்வாண்டு நான் உடலுறுப்புகளின் பெயர்களை, மூக்கு, முழங்கை என்று சொல்லும் அதே குரலில், ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்தேன். உள்ளாடை மறைக்கும் இடங்கள் உனக்கே உரியவை. நோயுற்றபோது அம்மாவின் முன்னிலையில் மருத்துவர் பார்க்கலாம். குளிப்பாட்டும்போது அம்மாவோ பாட்டியோ தூய்மை செய்யலாம். விளையாட்டு என்று சொல்லி எவரும் தொடலாகாது. தம்முடையதைத் தொடச் சொல்லவும் ஆகாது என்று ஐந்தே வாக்கியங்கள். மூன்றாம் நாள் அச்சிறுவன் என் மேசையருகே வந்து நின்றான். அன்று கற்ற சொற்களில் ஒன்றைச் சொன்னான். பின் ஓர் உறவுமுறையைச் சொன்னான். மாலையில் தாய் வேலையிலிருந்து வரும்வரை அவனைப் பார்த்துக்கொள்பவர் அவர். வயிற்றில் இருந்த வலி அதுதான். அவனுக்கு அறிவும் இருந்தது, துணிவும் இருந்தது. சொல் ஒன்றுதான் இல்லாதிருந்தது. அன்று முதல், குழந்தைக்குச் சொல் கொடுப்பதை மொழிப்பாடம் என்று மட்டும் என்னால் கருத முடியவில்லை.

அடுத்து தாலப் பருவம். தால் என்பது நா. நாவசைத்துப் பாடுவது தாலாட்டு. தாலாட்டு குழந்தையைத் தூங்கவைக்கும் என்பதை அறிவோம். அது ஊரையே விழிக்கவைத்ததும் உண்டு. சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் சிமெலுவே என்றொரு தீவு. 1907ஆம் ஆண்டில் அங்கே ஆழிப்பேரலை வந்து பலரைக் கொண்டுபோயிற்று. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டுக் கதையாகவும் பாட்டாகவும் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பேரக் குழந்தைகளின் தொட்டிலருகே அது தாலாட்டாயிற்று. நிலம் வலுவாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நில்லாமல் மேட்டுக்கு ஓடு என்பதே அப்பாட்டுகளின் பொருள். 97 ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில், நிலநடுக்கத்தின் மையத்திற்கு மிக அருகில் இருந்தும், உயிரிழந்தோர் ஏழு பேரே. அதே நாளில் நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் மாண்டவர் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர். கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் அவர்களுள் உண்டு. நம் கரைக் குழந்தைகள் அலை பற்றிய எத்தனையோ பாட்டுகளை அறிந்திருந்தார்கள். அந்த ஒரு பாட்டு அவர்களிடம் இல்லை.

கவிஞர்களாகிய நீங்கள் இதனைக் கருத வேண்டும். பாட்டு பயனற்றது என்று எவரேனும் சொன்னால் அத்தீவைக் காட்டுங்கள். அப்பாட்டு குழந்தையை அச்சுறுத்தி நிறுத்திவிடவில்லை என்பதையும் காணுங்கள். பூச்சாண்டிப் பாட்டு 'அஞ்சு' என்று மட்டும் சொல்லும். தாலாட்டான அப்பாட்டோ 'இதைக் கண்டால் இதைச் செய்' என்றது. செய்ய வேண்டியது தெரிந்த குழந்தையின் அச்சம் அதன் கால்களைக் கட்டிவிடுவதில்லை.

சப்பாணி கொட்டிக் கைகளின் வலிமையைக் குழந்தை அறிந்த பின் வருவது முத்தப் பருவம். புலவன் பலவகை முத்துகளையும் வரிசைப்படுத்தி, அவையெல்லாம் உன் வாய்முத்தத்திற்கு ஈடாகா என்று சொல்லி, 'முத்தம் தருக' என்று குழந்தையிடம் இரந்து நிற்கிறான். கேட்பவன் பெரும்புலவன், கொடுக்கும் நிலையில் இருப்பது குழந்தை. முத்தம் குழந்தையின் உடைமை. அதன் விருப்பத்தால் மட்டுமே கிடைப்பது. இரத்தல் என்றாலே மறுப்பதற்கும் இடம் உண்டு என்பது பொருள்.

நாம் என்ன செய்கிறோம்? வீட்டிற்கு விருந்தினர் வந்தால், 'மாமாவுக்கு முத்தம் கொடு' என்று ஆணையிடுகிறோம். குழந்தை பின்வாங்கித் தாயின் சேலைக்குள் மறைந்தால், 'என்ன பிள்ளை வளர்ப்பு' என்று பிறர் நினைப்பார்களே என்று நாணிக் கையைப் பற்றி முன்னே தள்ளுகிறோம். அக்கணத்தில் குழந்தை ஒரு பாடம் கற்கிறது. என் உடல் வேண்டாம் என்று சொன்னாலும், பெரியவர் விரும்பினால் இணங்க வேண்டும் என்பதே அப்பாடம். தீயவன் ஒருவன் பின்னாளில் கற்பிக்க வேண்டிய பாடத்தை அவனுக்கு முன்பாகவே நாம் கற்பித்துவிடுகிறோம்.

பெரியோரை மதிக்க வேண்டாவா என்று கேட்பீர்கள். மதிக்க வேண்டும். கைகூப்பி வணங்கலாம், 'வாங்க' என்று வாயார அழைக்கலாம், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கலாம். தமிழில் விருந்தோம்பும் வழிகளுக்குக் குறைவில்லை. மடியில் உட்கார்வதும் கன்னத்தைக் கொடுப்பதும் மட்டும் குழந்தையின் விருப்பத்திற்கு உரியனவாக இருக்கட்டும். 'இப்போது அவளுக்கு விருப்பமில்லை, அண்ணா. அப்புறம் வருவாள்' என்று ஒரு தாய் விருந்தினரிடம் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்கும் குழந்தை, தன் பக்கம் ஒருவர் நிற்கிறார் என்று அறிகிறது. பாதுகாப்புணர்வு என்பது இவ்வாறு சிறிது சிறிதாகச் சேர்வது.

முத்தத்திற்குப் பின் வருகைப் பருவம். தளர்நடையிட்டு வரும் குழந்தையை 'வருக, வருக' என்று அழைக்கிறோம். விளையாடி வரும் குழந்தையை அழைக்க நமக்குத் தெரியும். துன்பத்தோடு வரும் குழந்தையை வரவேற்க நமக்குத் தெரியுமா? கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டு வந்து சொல்லும் குழந்தைக்கு அடி கிடைத்தால், அது இரண்டாம் முறை வந்து சொல்லாது. சிறிய செய்திக்குக் கதவு அடைக்கப்பட்ட வீட்டில் பெரிய செய்தி ஒருபோதும் உள்ளே நுழைவதில்லை.

நான் முன்னர்க் குறித்த அதே ஆழிப்பேரலை நாளில், தாய்லாந்தின் புக்கெட் தீவில், இங்கிலாந்திலிருந்து பெற்றோருடன் வந்திருந்த டில்லி ஸ்மித் என்னும் பத்து வயதுச் சிறுமி, கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றது அவள் நினைவுக்கு வந்தது. பேரலை வரப்போகிறது என்று விடாமல் சொன்னாள். அவள் தந்தை அதைக் காவலாளிக்குத் தெரிவித்தார். கடற்கரை காலி செய்யப்பட்டது. ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர். ஆசிரியர் கற்பித்ததையும் சிறுமியின் அறிவையும் உலகம் பாராட்டியது. நான் பாராட்ட விரும்புவது மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்து. பத்து வயதுப் பிள்ளை சொன்ன சொல்லைப் பெரியவர் ஒருவர் நம்பினார். கற்பித்தலின் மறுபாதி கேட்டல்.

குழந்தை ஒரு துன்பத்தைச் சொல்ல வரும்போது நாம் சொல்ல வேண்டியவை சிலவே. 'சொன்னது நல்லது. நான் உன்னை நம்புகிறேன். இதில் உன் தவறு ஒன்றுமில்லை. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.' சொல்லக் கூடாதவையும் உண்டு. 'ஏன் அப்போதே சொல்லவில்லை? நீ ஏன் அங்கே போனாய்? அவர் அப்படிப்பட்டவர் அல்லரே!' இம்மூன்றில் ஒன்று போதும், குழந்தை திரும்பிப் போய்விடும். நாம் அழுது அரற்றுவதும் வேண்டா. நம் கண்ணீரைத் துடைக்கும் சுமை குழந்தை மேல் விழுந்துவிடும்.

அடுத்தது அம்புலிப் பருவம். பிள்ளைத்தமிழுள் பாடுதற்கு அரியது என்று புலவர் கருதும் பருவம். வானத்து நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு வழிகளால் அழைக்கிறார்கள். நீயும் இக்குழந்தையும் நிகர் என்று இன்சொல் கூறுவது சாமம். வந்தால் உனக்கு இன்னின்ன நன்மை கிடைக்கும் என்பது தானம். இக்குழந்தையின் பெருமை உனக்கு இல்லை என்று வேறுபடுத்திக் கூறுவது பேதம். வாராவிடில் தீங்கு வரும் என்று வெருட்டுவது தண்டம்.

குழந்தைகளை வஞ்சிப்போர் நடையை உற்று நோக்கினால் இந்நான்கும் அப்படியே இருக்கக் காண்போம். அங்கே நிலவின் இடத்தில் நிற்பது குழந்தை. 'நீயும் நானும் நண்பர்கள்' என்ற இன்சொல் முதலில். மிட்டாயும் பொம்மையும், இக்காலத்தில் கைப்பேசியில் விளையாட்டும் அடுத்து. 'உன் அம்மாவுக்குத் தம்பிமேல்தான் அன்பு, நான்தான் உனக்கு, இது நம் இரகசியம்' என்று தாயிடமிருந்து பிரிப்பது மூன்றாவது. 'சொன்னால் உன்னைத்தான் அடிப்பார்கள்' என்பது கடைசி. வன்முறை பெரும்பாலும் இறுதியில்தான் வருகிறது. தொடக்கம் இனிமையாகவே இருக்கிறது. ஆகையால் 'கெட்டவர் யார்?' என்று முகத்தைக் காட்டிக் கற்பிப்பதால் பயனில்லை. செயலைக் காட்டிக் கற்பிக்க வேண்டும். குழந்தைக்குப் புரியும்படி இவ்வாறு சொல்லலாம்: 'அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று யார் சொன்னாலும், அதைத்தான் அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும். பிறந்தநாள் பரிசை இரண்டு நாள் மறைத்து வைக்கலாம். அது எல்லாருக்கும் தெரிந்து எல்லாரும் மகிழப் போகிற இரகசியம். எப்போதும் சொல்லக் கூடாது என்கிற இரகசியம் நம் வீட்டில் கிடையாது.' ஆறு வயதுக் குழந்தை இவ்வேறுபாட்டை நன்றாகப் புரிந்துகொள்கிறது. நான் கண்டிருக்கிறேன்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழில் வருவது சிற்றிற் பருவம். மணலில் சிறுவீடு கட்டி விளையாடும் சிறுமியர், அதனைக் காலால் சிதைக்க வரும் தலைவனிடம், சிதைக்க வேண்டா என்று வேண்டுகின்றனர். தமிழ்ச் சிறுமியர் 'வேண்டா' என்று சொல்வதற்கென்றே ஒரு பருவத்தை நம் இலக்கியம் ஒதுக்கியிருக்கிறது என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆயின் அம்மறுப்பு கெஞ்சுதலாகவே நிற்கிறது. சிதைப்பவன் தெய்வமோ மன்னனோ ஆகையால், இலக்கியத்தில் அது இன்பம். வாழ்க்கையில் குழந்தையின் மறுப்புக்குக் கெஞ்சும் குரல் போதாது. 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்ல வேண்டும்; அவ்விடம் விட்டு ஓட வேண்டும்; ஓடி வந்து சொல்ல வேண்டும். உரக்கச் சொல்லி ஒருநாளும் பழகாத குழந்தை, ஆபத்தில் திடீரென்று உரக்கச் சொல்லாது. வகுப்பறையில் விளையாட்டாகவே இதைப் பழக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மறுக்கக் கற்பித்துவிட்டோம், ஆகவே மறுக்காதது குழந்தையின் பிழை என்று எவரும் கருதலாகாது. பல குழந்தைகள் அச்சத்தால் உறைந்துபோவார்கள். உடல் அசையாது, குரல் எழாது. அது இயல்பு. மணல்வீடு சிதைந்தால் குற்றம் சிதைத்த காலுடையது. கட்டிய கையுடையது அன்று. இதனையும் குழந்தைக்குச் சொல்லியே கற்பிக்க வேண்டும்.

அடுத்து சிறுபறை. பறை என்பது ஊரறியச் செய்யும் கருவி. ஒருவரிடம் சொன்னாய், அவர் கேட்கவில்லையா? அடுத்தவரிடம் சொல், கேட்கும் ஒருவர் கிடைக்கும் வரை சொல். அம்மா, பாட்டி, அத்தை, ஆசிரியை என்று ஒரு கைவிரல்களுக்கு ஐந்து பேரைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். ஐம்படைத்தாலிக்கு மாற்றாக ஐந்து பெயர்கள் அதனிடம் இருக்கட்டும். அவ்வைவரும் இல்லாதபோது 1098 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது. 1996இல் மும்பையில் தொடங்கிப் பின் நாடெங்கும் பரவிய, கட்டணமில்லா எண் அது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையாகச் சொன்னால் குழந்தை மறவாது.

பெரியவர்களுக்கும் பறையறையும் கடமை உண்டு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம் 2012இல் இயற்றப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 14 அன்று, குழந்தைகள் நாளிலேயே நடைமுறைக்கு வந்தது. போக்சோ என்று நாளேடுகள் குறிப்பது இதனையே. 18 வயது நிறையாத ஆண், பெண் இருபாலார்க்கும் இது பொருந்தும். இத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தல் கடமை, தெரிவியாமை தண்டனைக்குரியது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பெற வேண்டும். பெறும் காவலர் சீருடையில் இருத்தலாகாது. குழந்தையின் பெயரையும் அடையாளத்தையும் ஏடுகள் வெளியிடலாகாது என்றெல்லாம் அச்சட்டம் கூறுகிறது. சீருடை வேண்டா என்னும் விதியைப் படித்தபோது எனக்குப் பாட்டியல் நூலாரின் விதி நினைவுக்கு வந்தது. குழந்தையின் முன் அச்சம் தரும் எதுவும் வேண்டா என்று இரண்டுமே சொல்கின்றன. 'குடும்ப மானம்' என்று சொல்லி மூடி வைக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. மூடி வைப்பதால் காக்கப்படுவது தீங்கு செய்தவன் மட்டுமே.

நிறைவாகச் சிறுதேர். தள்ளாடிய குழந்தை இப்போது தன் தேரைத் தானே உருட்டிச் செல்கிறது. இவ்வளவையும் கற்பித்த பின் குழந்தை உலகத்தைக் கண்டு ஒடுங்கிவிடுமோ என்று அஞ்சுவோர் உண்டு. காப்பின்றி அச்சத்தை மட்டும் பெற்ற குழந்தையே ஒடுங்கும். சொல்லும், மறுக்கும் உரிமையும், கேட்கும் காதும் தனக்கு உண்டு என்றறிந்த குழந்தை தெருவில் இறங்கித் தேர் உருட்டும். உலகில் பெரும்பாலோர் நல்லவர் என்பதையும் அதற்குச் சொல்வோம். எச்சரிக்கையை நாளெல்லாம் ஓதாமல், சாலையைக் கடக்கக் கற்பிப்பது போல், நீரில் இறங்கக் கற்பிப்பது போல், இயல்பான குரலில் ஆண்டுக்குச் சிலமுறை சொன்னால் போதும்.

கவிஞர் பெருமக்களே! இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு என் வேண்டுகோள் ஒன்றை முன்வைத்து அமர்கிறேன். பத்துப் பருவங்களுக்குப் பத்துப் பாட்டு எழுதித் தாருங்கள். ஐந்து வயதுக் குழந்தை கைகொட்டிப் பாடக்கூடிய எளிய சொற்களில் இருக்கட்டும். உடலின் பெயர்களுக்கு ஒரு பாட்டு. 'வேண்டாம்' என்பதற்கு ஒரு பாட்டு. மறைக்கக் கூடாத இரகசியத்திற்கு ஒரு பாட்டு. ஐந்து விரல், ஐந்து பேர் என்று ஒரு பாட்டு. கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடுவதற்கு ஒரு பாட்டு. பூச்சாண்டி எதிலும் வேண்டா. குழந்தையைக் குறை கூறும் சொல் எதிலும் வேண்டா. செய்ய வேண்டியதைச் சொல்லி, ஓடிவந்து சேரும் மடியில் ஒவ்வொரு பாட்டும் முடியட்டும். ஆண்டுதோறும் ஒப்புவித்தல் போட்டி நடத்துகிறோம். அடுத்த ஆண்டு குழந்தைகள் இப்பாட்டுகளை ஒப்புவிக்கட்டும். அணிநலன் குறைந்த பாட்டு என்று திறனாய்வாளர் சொன்னால் சொல்லட்டும். எங்கோ ஒரு வகுப்பறையில், சொல் கிடைக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு அதில் ஒரு சொல் கிடைத்தால், தமிழ் தன் காப்புப் பருவக் கடமையைச் செய்தது என்று கொள்வோம்.